பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லையாமே!

ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே, "பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரி கட்டணுமாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருஷம் 12 லட்சம் வரை வரியே கிடையாது என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் சொன்னபோது டி.வி. முன்னால் உட்கார்ந்து கை தட்டினவள் நான்!

2025-26-ல் இவர் சம்பளம் 10 லட்சத்து 75 ஆயிரம். நிலைக்கழிவு 75 ஆயிரம் போனால் பத்து லட்சம். புது முறையில் அதற்கு 40 ஆயிரம் வரி வருகிறது. தள்ளுபடியில் அது முழுசும் கழிந்துவிடுகிறது. அது வரைக்கும் சரிதான். பெரியவளின் பிளஸ் ஒன் ஃபீசுக்காக, பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றைப் பதினோரு மாசத்திலேயே விற்றோம். லாபம் 60 ஆயிரம். வினை அங்கேதான்.

ஒரு வருஷத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம் தனி வரி. அந்த வரிக்குத் தள்ளுபடி செல்லாதாம். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தொடாவிட்டாலும் அப்படித்தான். 12,000 ரூபாய், அதன் மேல் 4 சதவீதம் செஸ் 480. ஆக 12,480. பெரிய எழுத்தில் "வரி இல்லை" என்று போட்டவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துப் போட்டிருக்கக் கூடாதா?

வயிற்றெரிச்சல் இன்னொன்று. ஒரு வருஷம் தாண்டி விற்றிருந்தால் அது நீண்ட கால லாபம். வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை அதற்கு வரியே இல்லை. ஃபீசுக்கு நகையை அடகு வைத்து ஒன்றரை மாசம் தள்ளியிருந்தால், வட்டி போகவும் மிச்சம்தான். மாசா மாசம் கட்டுகிற எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஒரு வருஷம் ஆக வேண்டும் என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

"என் பெயரில் போட்டிருந்தால்?" என்று கேட்டேன். புருஷன் கொடுத்த பணம் என்றால் லாபம் அவர் கணக்கில்தான் சேருமாம். அம்மா கொடுத்த பணம் என்றால் என் கணக்காம். எனக்கு வேறு வருமானம் இல்லாததால் 4 லட்சம் வரை வரி வராது.

இப்போது பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், எந்தத் தவணை எந்தத் தேதியில் போட்டது என்று எழுதி வைத்திருக்கிறேன். சின்னவன் ஃபீசுக்கு அதைப் பார்த்துத்தான் விற்கணும்.