வர்ணத்தைப் பார்த்து மயங்காமல் வீட்டைப் பாருங்கள்



லயத்துக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போகணும் என்பது நம்ம தாத்தா பாட்டி காலத்து ஆசை. நம்ம பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய 404 வீடுகள் 2018 ஆகஸ்ட் 12ஆம் திகதி மக்களிடம் கையளிக்கப்பட்டன. அதற்குப் பிறகு "நமக்கு எப்போ?" என்று கேட்காத குடும்பம் இல்லை.

வீடு கிடைப்பது ஆயுசில் ஒரு தடவை. அதனால் நல்ல வீடு எது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சில வருசத்துக்கு முந்தி வேறொரு பக்கத்துத் தோட்டத்தில் புது வீடு ஒன்றைப் பார்க்கப் போனேன். வெளியே அழகான பச்சை வர்ணம். உள்ளே சுவரில் கை வைத்தால் ஈரம். வீட்டுக்கார அக்கா சொன்னார்: "ஐயா, லயத்துல கூரைதான் ஒழுகிச்சு. இங்க சுவரே ஒழுகுது!" காற்றடிக்கிற பக்கம் வெளிப்பூச்சு இல்லாமல் கல்லின் மேலேயே வர்ணம் அடித்திருந்தார்கள். கூரை இறக்கமும் ஒரு சாண்தான். வர்ணம் அடிக்க முந்தியே பார்த்திருந்தால் சின்னச் செலவில் முடிந்திருக்கும்.

ஆகவே கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

1. இடம்: 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்க முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. எவ்வளவு நல்ல கல்லில் கட்டினாலும் சரிகிற மண்ணில் வீடு நிற்காது. நம்ம மாவட்டத்தில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். அது கிடைத்ததா என்று முதலில் கேளுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று வரும் ஊற்று, கலங்கல் தண்ணீர் இவை ஆபத்தின் அடையாளங்கள்.

2. அத்திவாரம்: வீட்டுத் தரை முற்றத்தை விட உயர்ந்திருக்க வேண்டும். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் தார் பூசியோ கெட்டிப் பொலித்தீன் விரித்தோ ஈரத்தைத் தடுக்கணும். இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் சுவரில் ஏறும். மேட்டிலிருந்து வரும் மழைத் தண்ணீர் வீட்டைச் சுற்றிப் போகக் கான் வெட்டியிருக்க வேண்டும்.

3. சுவர்: சீமெந்துக் கல்லை ஆணியால் கீறிப் பாருங்கள். மண்ணாக உதிர்ந்தால் அது ஆகாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நல்ல கல் தூளாகாது. புதுசாக அறுத்த கல்லை ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்கணும். வெயிலில் அப்படியே காய்ந்த கல்லுக்குப் பலம் குறைவு. வெளிப்பக்கம் பூச்சு கட்டாயம் வேண்டும், அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் வர்ணம்.

4. கூரை: மெல்லிய தகரம் மலிவுதான், ஆனால் சீக்கிரம் துரு ஏறும், காற்றுக்கு மடங்கும். நாகமும் அலுமினியமும் பூசிய 0.47 மில்லிமீற்றர் தகடு கடைகளில் கிடைக்கிறது. ஆணிக்கு இறப்பர் வாசர் போட்டிருக்கணும். ஒரு தகட்டின் மேல் அடுத்தது 6 அங்குலமாவது ஏறியிருக்கணும். கூரை சுவருக்கு வெளியே 2 அடியாவது நீண்டிருந்தால் சுவர் நனையாது. கூரை மரத்தைச் சுவரோடு கம்பி போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை வாளால் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருசம் கழித்துப் புற்றுநோய் வரலாம். கழற்றத்தான் வேண்டுமென்றால் நனைத்து, முழுசாக இறக்குங்கள்.

5. பொருத்து வீடு: தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டுகிற வீடு நல்லதா என்று சிலர் கேட்கிறார்கள். 2016ஆம் ஆண்டளவில் வடக்கு கிழக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளுக்குத் திட்டம் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் செலவு. அத்திவாரம் போதுமா, விறகடுப்பு எரிக்க வசதி உண்டா, பழுதானால் ஊர் மேசன் பாஸ் திருத்த முடியுமா என்று மக்களும் பொறியியலாளர்களும் கேட்டார்கள். கடைசியில் அந்தத் திட்டம் சொன்னபடி நடக்கவில்லை. பொருத்து வீடு எல்லாமே கூடாது என்பதல்ல. ஆனால் அந்த மூன்று கேள்வியும் நமக்கும் பொருந்தும். நம்ம மழைக்குத் தாங்கணும், நம்ம அடுப்புப் புகை வெளியே போகணும், நாளைக்கு நாமே திருத்தக்கூடியதாக இருக்கணும்.

திறப்பு கைக்கு வந்த பிறகு குறை சொன்னால் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். அத்திவாரம் போடும்போது ஒரு தடவை, சுவர் எழும்பியதும் ஒரு தடவை, கூரை போட்டதும் ஒரு தடவை, வீட்டுக்காரரும் வீட்டுக்கார அம்மாவும் சேர்ந்து போய்ப் பாருங்கள். குறை இருந்தால் தோட்டத் தலைவரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் உடனே சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். இலவசமாகக் கிடைக்கிற வீடுதானே என்று கூச்சப்பட வேண்டாம். அதில் குடியிருக்கப் போவது நம்ம பிள்ளைகள்.