மந்தையும் மக்களும்

கார்த்திகைத் திங்களில், கார்த்திகை மீனும் முழுமதியும் கூடும் நன்னாளில், திருவண்ணாமலையின் உச்சியில் பேரொளி ஒன்று எழுகின்றது. 2,668 அடி உயரமுள்ள அம்மலையின் முடியில் பெரியதொரு கொப்பரையை வைத்து, நெய் வார்த்துத் திரியிட்டுத் தீபம் ஏற்றுகின்றனர். அதற்கு வேண்டும் நெய் ஆயிரக்கணக்கான கிலோ ஆகும். பல கல் தொலைவிலுள்ள ஊர்களிலும் மக்கள் வாயிலில் நின்று அவ்வொளியைக் கண்டு கைகூப்புவர்.

அத்திருவிழாவையொட்டி நகரின் புறத்தே பெரிய மாட்டுச் சந்தை கூடுவது நெடுநாள் வழக்கம். அங்கே உழவர் காளையின் பல்லைப் பிடித்து வயதறிவர். சுழி பார்த்துக் குணம் ஆராய்வர். தரகர் துண்டுக்குள்ளே கையை மறைத்து, விரலைத் தொட்டு விலை பேசுவர். மலைமேல் எரியும் விளக்கு ஒன்று. அடிவாரத்தில் நிற்கும் மாடு மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவின் ஆழத்தை அறிய வேண்டுமாயின், உழவு என்பதே இல்லாத ஒரு நிலத்திற்கு முதலில் சென்று வருதல் நலம்.

உலகின் வடகோடியில், நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதிகளிலும், சைபீரியாவிலும், அலாஸ்காவிலும், கனடாவிலும் பனி மூடிய வெளிகள் பரந்து கிடக்கின்றன. அங்கே நெல் விளையாது. கம்பும் கேழ்வரகும் விளையா. வடகோடி முனையில் மரமும் வளராது. குளிர்காலத்தில் கதிரவன் பல நாள் முகங்காட்டுவதே இல்லை. எனினும் அந்நிலத்தில் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களை வாழவைத்தவற்றுள் தலையாயது ஒரு மான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அதனைத் துருவமான் என்பர். வட அமெரிக்காவில் கரிபு என்பர். பெயர் இரண்டாயினும் இனம் ஒன்றே. துருவமானை மக்கள் பழக்கி மந்தையாக வளர்க்கின்றனர். கரிபுவோ காட்டு விலங்காகவே திரிகின்றது. அதனை வேட்டையாடியே உண்கின்றனர்.

மான் இனங்களுள் ஆணும் பெண்ணும் கொம்பு பெற்று விளங்குவது இதுவொன்றே. இதன் மயிர் உள்ளே காற்றை அடக்கியது. ஆதலால் கடுங்குளிரும் இதன் உடலைத் தாக்குவதில்லை. அகன்ற குளம்பு பனியில் புதையாமல் நடக்க உதவுகின்றது. அக்குளம்பே பனியைத் தோண்டும் மண்வெட்டியாகவும் பயன்படுகின்றது. கரிபு என்னும் பெயரே ‘பனியைத் தோண்டுவது’ என்ற பொருளுடைய பழங்குடிச் சொல்லிலிருந்து பிறந்தது. தோண்டிய இடத்தில் அதற்குக் கிடைக்கும் உணவு யாது? நம் வீட்டில் குழம்பு மணக்கச் சேர்க்கும் கல்பாசியின் உறவான ஒருவகைப் பாசியே அது. மனிதன் உண்ண இயலாத அப்பாசியை இவ்விலங்கு உண்டு, மனிதனுக்கு வேண்டிய அனைத்தையும் தருகின்றது.

இறைச்சி உணவாகின்றது, தோல் உடையாகின்றது, எலும்பும் கொம்பும் ஊசியும் கருவியும் ஆகின்றன, தசைநார் தையல் நூலாகின்றது. கனடாவின் இனுவிட் மக்கள் குளிர்காலத்தில் கரிபுத் தோலால் ஈருடை அணிவர்; உள்ளுடையின் மயிர் உடலை நோக்கியும், வெளியுடையின் மயிர் புறத்தை நோக்கியும் இருக்கும். சைபீரியாவின் நெநெத்து மக்கள் துருவமான் தோல் போர்த்த கூம்புக் கூடாரங்களில் வாழ்ந்து, அம்மான் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் மந்தையோடு இடம்பெயர்வர். ஈவென்கி மக்கள் அதன்மீது ஏறிச் செல்வர், பாலும் கறப்பர்.

உணவும் உடையும் தருவதோடு இவ்விலங்கின் பணி முடிந்துவிடவில்லை. அது அம்மக்களின் மொழியிலும் முறைமையிலும் கலந்து நிற்கின்றது. வடஐரோப்பாவின் சாமி மக்கள் தம் மான்களின் காதில் அடையாள வெட்டு இடுவர். ஒவ்வோர் உரிமையாளருக்கும் ஓர் அடையாளம். அதுவே உடைமைச் சான்று. நம் உழவர் மயிலை என்றும், செவலை என்றும், காரி என்றும், கிடேரி என்றும், சினை என்றும் மாட்டை வேறுபடுத்திக் கூறுவது போல, சாமி மொழியில் மானின் வயது, நிறம், கொம்பின் அமைப்பு ஆகியவற்றைக் குறிக்க நூற்றுக்கணக்கான சொற்கள் உள்ளன. அம்மொழியில் மந்தைக்கு ‘எஅல்லு’ என்று பெயர். வாழ்வுக்கு ‘எஅல்லின்’ என்று பெயர். இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். அலாஸ்காவிலும் கனடாவின் வடமேற்கிலும் வாழும் குவிச்சின் மக்களோ, மனிதனின் நெஞ்சில் கரிபுவின் நெஞ்சு ஒரு கூறாகவும், கரிபுவின் நெஞ்சில் மனிதனின் நெஞ்சு ஒரு கூறாகவும் அமைந்துள்ளன என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றனர்.

இதனைக் கேட்டு நாம் வியப்படைய வேண்டுவதில்லை. நம் முன்னோரும் இவ்வாறே வாழ்ந்தனர். தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருள் உண்டு. திருக்குறளும் அப்பொருளில் அதனை ஆள்கின்றது. இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் சொல் கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. செல்வம் மாடாக இருந்தபோது போரும் மாட்டைப் பற்றியே எழுந்தது. பகைவரின் ஆநிரையைக் கவர்தலை வெட்சி என்றும், கவர்ந்த நிரையை மீட்டலைக் கரந்தை என்றும் பண்டைத் தமிழர் பெயரிட்டு வழங்கினர். ஆநிரையின் பொருட்டு இறந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபட்டனர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல் ஒன்றில் ‘ஆகோள்’ என்னும் சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். நூலிற் கூறிய வழக்கம் நாட்டில் நிகழ்ந்ததே என்பதற்கு அக்கல் சான்று.

இத்தகைய நடுகற்கள் மிகுதியாகக் காணப்படும் நிலங்களுள் ஒன்று திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கம் பகுதியாகும். சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு பாயும் அந்நிலம், பழங்காலத்தில் காடும் மேய்ச்சல் வெளியுமாக இருந்தது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை அங்குள்ள கற்களை ஆராய்ந்து, ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை 1972ஆம் ஆண்டு வெளியிட்டது. அக்கல்வெட்டுகள் பெரும்பாலும் வட்டெழுத்தில் அமைந்தவை. சுருங்கிய சொற்களில் ஒரு வாழ்வின் முடிவைக் கூறுபவை. மந்தையை அவை ‘தொறு’ என்கின்றன. ‘பட்டான்’ என்பது இறந்தான் என்னும் பொருளது. எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டில், எவருடைய தொறுவை மீட்டு எவன் பட்டான் என்பதே அவற்றின் செய்தி. நாடாண்ட வேந்தனின் பெயரும் மாடு காத்த வீரனின் பெயரும் ஒரே கல்லில் இடம்பெற்றுள்ளன.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் நெஞ்சை உருக்குவது. அது பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமையுடையது. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு அங்கே மாண்டான். அவனுடைய வடிவத்தோடு ஒரு நாயின் வடிவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். தலைவன் வீழ்ந்தபோது அது ஓடிவிடவில்லை. கள்வரைக் கடித்துக் காவல் காத்து நின்றது. அச்செயலை மறவாத ஊரார், வீரனுக்கு எழுப்பிய கல்லிலேயே நாயின் பெயரையும் பொறித்தனர். மந்தையைக் காத்தவர் யாராயினும் அவரை மறத்தலாகாது என்று எண்ணிய மக்களின் உள்ளத்தை அக்கல் இன்றும் காட்டுகின்றது.

காலம் மாறியது, பெருங்கோயில்கள் எழுந்தன. அப்போதும் மந்தையின் சிறப்புக் குன்றவில்லை. கோயிலில் அணையா விளக்கு எரிக்க விரும்பியவர் ஆடும் மாடும் கொடை தந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கிற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்பது கணக்கு. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழியினும் குட்டி பெருகுவதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது என்று கருதி, இத்தகைய ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் வழங்கின. சாவாமையும் மூவாமையும் தனியோர் ஆட்டிற்கு இல்லை, மந்தைக்கு உண்டு. அண்ணாமலையின் உச்சியில் எரியும் நெய்விளக்கின் பின்னே இத்துணை நீண்ட வரலாறு நிற்கின்றது.

துருவமானைப் போல ஒரே விலங்கைச் சூழ்ந்து வாழ்வு முழுவதையும் அமைத்துக்கொண்ட மக்கள் இன்றும் நம் நாட்டில் உளர். நீலகிரியின் தோடர்களே அவர்கள். எருமையே அவர்தம் செல்வம். பால்மனையே அவர்தம் கோயில். பால் கறந்து கடையும் தொழிலே அங்குப் பூசனை. ரிவர்சு என்னும் ஆங்கில அறிஞர் அவர்களைப் பற்றி எழுதிய பெருநூல் 1906ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்பின் நீலகிரியின் புல்வெளிகளில் தேயிலையும் தைலமரமும் சீகைமரமும் பரவின. புல் குறைந்தது, எருமை குறைந்தது, எருமையோடு கூடிய சடங்குகளும் பல இடங்களில் குறைந்தன.

இங்கேதான் நாம் கருதவேண்டிய உண்மை உள்ளது. மந்தை மக்களைத் தாங்குகின்றது. ஆனால் மந்தையைத் தாங்குவது மேய்ச்சல் நிலம். நிலம் கெட்டால் மந்தை அழியும். மந்தை அழிந்தால் அதனோடு பிறந்த மொழியும் முறையும் பிழைத்தல் அரிது. சைபீரியாவின் யமால் பகுதியில் 2013ஆம் ஆண்டு நவம்பரில், பனி பெய்ய வேண்டிய பருவத்தில் மழை பெய்தது. அம்மழைநீர் நிலத்தின்மேல் கெட்டியான பனிக்கட்டியாக உறைந்தது. குளம்பால் அதனைத் தோண்ட இயலாமல் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட துருவமான்கள் பட்டினியால் மடிந்தன. நார்வேயின் போசன் பகுதியில் சாமி மக்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில் காற்றாலைகள் எழுந்தன. அவற்றிற்கு அளித்த உரிமம் அம்மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பின்னர் 2023, 2024ஆம் ஆண்டுகளில் இரு சாரார்க்கும் உடன்பாடுகள் ஏற்பட்டன, காற்றாலைகள் நீங்கவில்லை. நிலக்கரி எரிக்காத மின்சாரம் உலகிற்குத் தேவை; மான் மேயும் வெளி அம்மக்களுக்குத் தேவை. இரண்டும் நியாயமே. எனவே எளிய விடை அங்கு இல்லை.

நம் ஊர்களிலும் இவ்வழக்கு உண்டு. அதனை நாம் வழக்கென்று உணர்வதில்லை. மேய்ச்சல் புறம்போக்கு என்று முன்னோர் ஒதுக்கிவைத்த நிலங்கள் பல இன்று வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டன. சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே இப்போது மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, பெயர் மட்டும் பேருந்தின் முகப்பில் ஓடுகின்றது. வீட்டிற்கு இடம் வேண்டும், சாலையும் வேண்டும். ஆயினும் ஒன்றை இழக்கும்போது, இழப்பது இன்னதென்று அறிந்து இழப்பதே அறிவுடைமை. மேய்ச்சல் வெளியோடு நாம் இழப்பது புல் மட்டும் அன்று. மயிலையையும் காரியையும் வேறுபடுத்தி அறியும் கண்ணையும், அவற்றைக் குறிக்கும் சொற்களையும் இழக்கின்றோம்.

மாணவர்களே! செங்கம், தருமபுரிப் பகுதிகளில் வயல் வரப்பிலோ மரத்தடியிலோ பழைய நடுகற்கள் நிற்பதைக் காணலாம். ஊரார் அவற்றை வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். கல்லிலுள்ள வட்டெழுத்தை அவருட் பலர் படித்தறியார். எனினும் ஊருக்காக உயிர் தந்தவன் ஒருவன் அங்கே நிற்கின்றான் என்பதை அவர் மறக்கவில்லை. நீங்கள் அத்தகைய கல்லைக் கண்டால் அதன்மீது கிறுக்காதீர்கள், இடம் பெயர்க்காதீர்கள், ஆசிரியரிடம் கூறுங்கள். உங்கள் ஊரில் மேய்ச்சல் வெளி எங்கே இருந்தது என்று பாட்டனாரையும் பாட்டியாரையும் கேளுங்கள். அவர் கூறும் சொற்களை ஏட்டில் எழுதி வையுங்கள். பனிநாட்டு மக்கள் தம் மந்தைவழியைக் காக்க இன்றும் வாதாடுகின்றனர். கருந்தேவகத்தி தன் மந்தையைக் காக்க உயிரையே தந்தான். அவன் பிறந்த நாட்டில் பிறந்த நாம், எஞ்சியிருக்கும் வெளியையாவது காத்தல் வேண்டும்.