குடியை விடத் துணை தேடுவோம்

உழைத்துப் பெற்ற ஊதியம் வீடு வந்து சேருமுன் மதுவிற்குப் பறிபோகும் அவலத்தைத் தோட்டப்புற மக்களாகிய நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். நம் முன்னோர் இதனை வாளா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. 1947ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக அணிதிரண்டனர்.

கடையை மூடச் செய்வது ஊர் கூடிச் செய்யும் பணி. ஆனால், கடை மூடிய பின்னும் குடி வேட்கை நீங்காமல் தவிப்பவர் என்ன செய்வார்? கோவிலில் சத்தியம் செய்கிறார். பிள்ளையின் தலையில் அடித்து ஆணையிடுகிறார். அடுத்த சம்பள நாளன்று மீண்டும் குடிக்கிறார். அவரை மானமற்றவர் என்று ஏசுகிறோம். மதுவுக்கு அடிமையாகும் நிலையை உலகச் சுகாதார நிறுவனம் நோய்களின் வரிசையில் வைத்துள்ளது. நோயுற்றவருக்கு வசைமொழி மருந்தாகாது. அவருக்கு மருத்துவமும் துணையும் வேண்டும்.

அத்தகைய துணையை அளிப்பவை குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் ஒன்றுகூடும் கூட்டங்களாகும். இவற்றுள் உலகெங்கும் பரவியுள்ளது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பு. சுருக்கமாக 'ஏ.ஏ.' என்பர். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்ற பில் வில்சன் என்பவர், சில மாதங்களாகக் குடியை நிறுத்தியிருந்தவர். சென்ற காரியம் கைகூடாமல் மனம் சோர்ந்தபோது மீண்டும் குடிக்கும் ஆவல் அவரை வாட்டியது. தம்மைப் போன்ற மற்றொருவருடன் பேசினால் தப்பலாம் என்று எண்ணி, குடியால் நலிந்திருந்த பாப் ஸ்மித் என்ற மருத்துவரைத் தேடிச் சென்றார். இருவரும் பல மணி நேரம் மனம்விட்டுப் பேசினர். அந்தச் சந்திப்பிலிருந்தே இவ்வமைப்பு பிறந்தது.

கூட்டத்தில் என்ன நடக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அங்கே விசாரணை இல்லை; தண்டனையும் இல்லை. வந்தவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பின் ஒருவராகத் தம் அனுபவத்தைக் கூறுவர். பேச விருப்பமில்லாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். சந்தாவும் கட்டணமும் இல்லை. விரும்பியவர் இயன்றதைக் கொடுக்கலாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி. அங்கே கண்டவரையும் கேட்டதையும் வெளியே சொல்லலாகாது என்பது அவர்கள் காக்கும் நெறி. ஆகவே, லயத்தில் செய்தி பரவிவிடுமோ என்று தயங்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுமைக்கும் ஆணையிடும்படி எவரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்கள் மேற்கொள்ளும் உறுதி.

நம் நாட்டில் கோலாலம்பூர், பினாங்கு முதலிய இடங்களில் ஏ.ஏ. கூட்டங்கள் நடைபெறுகின்றன. புறப்படுமுன் நாள், நேரம், மொழி ஆகியவற்றைக் கேட்டறிந்துகொள்வது நன்று. நகரம் தொலைவில் இருப்பின் கைப்பேசி வழியாக நடைபெறும் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம். விடியுமுன் மரம் சீவச் செல்பவர்கள் தங்களுக்கு ஏற்ற நேரத்தில் நடைபெறும் கூட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கூட்டம் எங்கே நடைபெறுகிறது என்று தெரியாதவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மனநல ஆலோசனைக்குச் சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. ஒரு கூட்டம் மனத்திற்கு ஒவ்வாவிட்டால் வேறொன்றிற்குச் சென்று பார்க்கலாம். முதல் நாளிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது.

இங்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியவை தோன்றக்கூடும். முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. ஆகையால் அத்தகையோர் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். வலிப்பு வந்தாலும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கூட்டம் மருத்துவத்திற்குப் பக்கத்துணை. மருத்துவத்திற்கு மாற்று அன்று.

குடிப்பவரோடு வாழும் மனைவி மக்களின் துன்பமும் சிறிதன்று. அவர்களுக்கென 'அல்-அனான்' என்னும் அமைப்பு 1951ஆம் ஆண்டில் தோன்றியது. கணவர் கூட்டத்திற்குச் செல்ல மறுத்தாலும், மனைவி இத்தகைய கூட்டத்திற்குச் சென்று ஆறுதலும் தெளிவும் பெறலாம்.

நம் தோட்டத்தில் இப்படி ஒரு கூட்டம் இல்லையே என்று சிலர் எண்ணலாம். குடியை விட விரும்பும் இருவர் அல்லது மூவர் ஒன்றுகூடினாலே அது குழு என்பது ஏ.ஏ. அமைப்பினரின் கொள்கை. கோவில் மண்டபமோ சமூகக் கூடமோ அவர்கள் அமர்ந்து பேசப் போதுமானது. நண்பர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. குடியை நிறுத்தியவரைத் திருமணத்திலும் திருவிழாவிலும் “ஒரு கிண்ணம்தானே” என்று வற்புறுத்தலாகாது. மீண்டும் தவறி விழுந்தவரை எள்ளி நகையாடாமல், அடுத்த கூட்டத்திற்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். கள்ளுக்கடையை மூடுமாறு ஒன்றுபட்டுக் குரல் கொடுத்தவர்களின் வழிவந்த நாம், குடியை விட முயலும் ஒருவரைத் தனியே போராட விட்டுவிடலாமா?