வாணியனும் வைத்தியனும்

‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிட்டால் நோய் அணுகாது என்பது அதன் கருத்து. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

உத்தியோக மாற்றலால் கல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் குடியேறிய தமிழர் பலருக்கு, சனி நீராடல் தீபாவளிக்கு மட்டும் உரிய சடங்காகச் சுருங்கிவிட்டது. ஆனால், எண்ணெய்க் குளியல் வங்காளத்துக்கும் புதிதன்று. குளிர்காலத்தில் வெயிலில் அமர்ந்து கடுகெண்ணெய் தேய்த்து நீராடுவது இங்கும் பழவழக்கமே. எண்ணெய் வேறு, எண்ணம் ஒன்று.

இக்கலை கடல் கடந்தும் சென்றது. 1759-இல் பாட்னாவில் பிறந்து, வங்காளப் படையில் பணிபுரிந்த சேக் தீன் முகமது, பின்னாளில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலுடன் உடம்பு பிடித்துவிடும் நிலையம் நடத்திப் புகழ்பெற்றார். அதற்கு அங்கே வழங்கிய பெயர் ‘ஷாம்பு’. அழுத்துதலைக் குறிக்கும் இந்திச் சொல்லின் திரிபு அது. தலைகழுவும் பொருளுக்கு அது பெயரானது பிற்காலத்தில்தான்.

பிடித்துவிடுவதால் தசையிறுக்கம் தளர்கிறது, இடுப்புவலி சிறிது காலம் தணிகிறது, மனக்கலக்கம் குறைகிறது. 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நாளுக்கு மும்முறை, பதினைந்து நிமிடம் வருடிவிடப்பட்ட குறைமாதக் குழந்தைகள், ஏனைய குழந்தைகளைக் காட்டிலும் 47 விழுக்காடு மிகுதியாக எடை கூடின. பரிவோடு தொடும் கைக்கும் ஆற்றல் உண்டு என்பது இதனால் விளங்கும். பேச்சுத்துணையின்றி அடுக்குமாடி வீட்டில் பகலைக் கழிக்கும் முதிய பெற்றோருக்கு, மகனோ மகளோ கால் பிடித்துவிடும் பத்து நிமிடம் எத்துணை ஆறுதல் அளிக்கும்!

எனினும், வாணியனுக்கும் எல்லை உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அதனைப் பிடித்துவிடலாகாது. உள்ளே உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும்; அது நுரையீரலுட் புகுந்து நோய் விளைக்கும். காரமுள்ள கடுகெண்ணெய் பச்சிளந் தோலுக்கு ஏற்றதன்று. எண்ணெய்க் காலுடன் முதியோரை வழுக்கும் தரையில் தனியே நடக்கவிடுதலும் தவறு.

ஆகவே, அயர்வுக்கு வாணியனை நாடுக. நோய்க்கு வைத்தியனை நாடுக. இருவரையும் இடமறிந்து போற்றுவதே அறிவுடைமை.