காற்று எங்கே போயிற்று?

சென்னை யானைக்கவுனியின் பெயரிலேயே ஒரு வாயில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாயில்களுள் அது ஒன்று. கவுனி என்றால் கோட்டை வாயில். டர்போ பொருத்திய கார் எஞ்சினிலும் அப்படியொரு வாயில் உண்டு. அது மூட வேண்டிய நேரத்தில் மூடாவிட்டால் என்ன ஆகும்?

வடசென்னையில் ரயில் பாதைக்கு மேலுள்ள பாலம் ஒன்றில் ஒரு டீசல் கார் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முடுக்கியை மிதித்தும் இழுவை இல்லை, பின்னால் கரும்புகை. "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். அதற்கு ஆகும் செலவோ பெரிது. உடனே சம்மதிக்கலாமா? அதற்குமுன் டர்போ செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம்.

ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் டீசலுக்கு 10,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று! எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பினால் என்ன? இந்த வழிக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். கார் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுழலும்.

இவ்வாறு கூடும் அழுத்தமே பூஸ்ட். டபிள்யூ.டி.எம்.2 என்ற 2,600 குதிரைத்திறன் ரயில் எஞ்சினில் இதைக் காட்ட ஓட்டுநர் முன்னே தனி மானியே உண்டு. அழுத்தம் குறைந்தால் எரிபொருள் அரைகுறையாக எரியும், கரி படியும், புகையின் வெப்பம் ஏறி வால்வுகளும் பிஸ்டனும் கெடும்.

இனி, காற்றின் வழியே நாமும் நடந்து பார்ப்போம்.

முதலில் மானியையே சந்தேகியுங்கள். எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பிய நிலையில், அழுத்த உணரி வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடலோரச் சென்னையில் அது சுமார் 1 பார். வேறு அளவு காட்டினால் உணரியே பொய் சொல்கிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது பூஸ்ட் ஏறாது. சுமையோடு ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

இரண்டாவது, காற்று வடிகட்டி. துறைமுகச் சாலைகளின் தூசியில் அது விரைவில் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாய்களும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும். குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்தாலும் போதும், 'உஸ்' என்று காற்று வெளியேறும். எஞ்சினை நிறுத்தி, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்திச் சோப்பு நீர் தடவுங்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல, ஓட்டை இருக்குமிடத்தில் குமிழி கிளம்பும்.

நான்காவது, நாம் தொடக்கத்தில் கேட்ட வாயில். தேவைக்கு மேல் வரும் புகையைச் சுழற்சக்கரத்தின் பக்கம் விடாமல் திருப்பிவிடுவது அது. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் சக்கரத்துக்கு வேகம் கிடைக்காது. பல டீசல் கார்களில் இவ்வாயிலுக்குப் பதிலாக அசையும் தகடுகள் உண்டு. கன்டெய்னர் வரிசைகளுக்கு நடுவே நாள்தோறும் ஊர்ந்து செல்லும் வண்டியில் கரி படிந்து அவை இறுகிவிடலாம். இவற்றை இயக்கும் மெல்லிய வெற்றிடக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே கோளாறுதான்.

ஐந்தாவது, புகை செல்லும் பாதை. டர்போவுக்கு முன்னே கசிவோ, பின்னே அடைப்போ இருக்கலாம். டீசல் வடிகட்டி அடைத்து எரிபொருள் குறைந்தாலும் புகையின் சக்தி குறைந்து பூஸ்ட் விழும். அப்போது கரும்புகை வராது. இதை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் டர்போவைத் தொட வேண்டும். எஞ்சின் ஆறியபின் அச்சை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இயல்பே. இறக்கைகள் உறையில் உரசினாலோ, அச்சு முன்னும் பின்னும் நகர்ந்தாலோ பழுது உறுதி. அப்போதும் ஒரு கேள்வி மிச்சம்: ஏன் பழுதாயிற்று? எண்ணெய் சரியாக வராததே காரணமென்றால், புதிய டர்போவும் அதே கதிக்கு ஆளாகும்.

சில ரூபாய்க் கிளாம்பும் விலை உயர்ந்த டர்போவும் கெட்டால் காட்டும் அறிகுறி ஒன்றே. எளியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கிச் செல்வதே அறிவியல் முறை. அம்முறைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. தெருவோரப் பட்டறையும் ஒரு குவளை சோப்பு நீரும் போதும்.