மாற்றியமைத்த வண்டியும் நிழற்படக் கலையும்

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில் உப்பல் என்னும் இடம் இருக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தில் ஈடுபாடுடைய நேயர்கள், அங்குள்ள விளையாட்டரங்கத்தின் வாயிலாக அப்பெயரை அறிந்திருப்பர். வரங்கல் செல்லும் நெடுஞ்சாலை அவ்வழியே செல்கிறது. அங்குள்ள நாற்சந்தியில் கால்மணி நேரம் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். தொழிற்சாலையிலிருந்து ஒரே அச்சில் வார்த்தாற்போல் வெளிவந்த வண்டிகள், உடையவர் கைக்கு வந்த சில ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று வேறுபட்டுவிடுகின்றன. ஒன்றின் நிறம் மாறியிருக்கும். மற்றொன்றின் சக்கரம் மாறியிருக்கும். தன் கைக்கு வந்த பொருளைத் தன் விருப்பத்துக்கேற்பத் திருத்திக்கொள்ள முயல்வது மனித இயல்பு.

இந்த இயல்பு முதிர்ந்தால் அதுவே ஒரு கைத்தொழிலாகிறது. ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தாழ்த்துவோர் உண்டு. எஞ்சினைப் பிரித்து வலிமை கூட்டுவோர் உண்டு. பந்தயத்துக்கென்று இருக்கைகளைக் கழற்றிவிட்டு, வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டை உள்ளே பற்றவைப்போரும் உண்டு. இத்தகைய வண்டிகளைக் கண்காட்சியிலும் பந்தயத் தடத்திலும் நிழற்படம் எடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். அழகிய காரை அழகாக எடுப்பது ஒன்று. மாற்றியமைத்த காரை எடுப்பது வேறொன்று. பின்னதில், என்ன மாற்றப்பட்டது, எதற்காக மாற்றப்பட்டது என்ற இரு வினாக்களுக்கும் படம் விடை கூற வேண்டும். கூறாவிடில் அது வெறும் பளபளப்பைக் காட்டும் படமாகவே நின்றுவிடும்.

இக்கலையைப் பயில விரும்புவோர்க்கு ஹைதராபாத்திலேயே ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. உப்பலிலிருந்து மூசி ஆற்றைக் கடந்து சென்றால், நேரு விலங்கியல் பூங்காவுக்கு அருகே பகதூர்புராவில் சுதா கார் அருங்காட்சியகம் உள்ளது. கே. சுதாகர் யாதவ் என்பவர் தம் கைத்திறனால் உருவாக்கிய வண்டிகள் அங்கு வைக்கப்பட்டிருக்கின்றன. கத்திரிக்காய் வடிவில் ஒரு கார். கிரிக்கெட் மட்டை வடிவில் ஒரு கார். காலணி வடிவிலும் காமிரா வடிவிலும் கார்கள். இவை பொம்மைகள் அல்ல. எஞ்சின் பொருத்தி ஓட்டத்தக்க வண்டிகள். அவர் அமைத்த மாபெரும் மூன்று சக்கர மிதிவண்டி 2005ஆம் ஆண்டில் கின்னஸ் சாதனை நூலில் இடம் பெற்றது. அதன் உயரம் 12.67 மீட்டர்.

இந்த மிதிவண்டியைப் படமெடுக்க முனைவோர் முதற்பாடத்தை உடனே கற்றுக்கொள்வர். அதை மட்டும் தனியே எடுத்தால், படத்தைக் காண்பவர்க்கு அது சாதாரண மிதிவண்டியாகவே தோன்றும். அருகே ஒரு மனிதரை நிறுத்தி எடுத்தால்தான் அதன் பேருருவம் விளங்கும். எந்த மாற்றத்துக்கும் இவ்விதி பொருந்தும். வண்டி எவ்வளவு தாழ்த்தப்பட்டிருக்கிறது என்பதைக் காட்ட, அதே வகையைச் சேர்ந்த மாற்றப்படாத வண்டி ஒன்று படத்தின் ஓரத்தில் இருப்பது நலம். ஒப்பிட ஒரு பொருள் இல்லாதவிடத்து மாற்றம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

கண்காட்சியில் நிற்கும் வண்டியை எடுக்குமுன், காமிராவைக் கீழே வைத்துவிட்டு, அதைச் செய்தவரோடு பத்து நிமிடம் பேசுங்கள். எந்தப் பற்றவைப்புக்கு மூன்று நாள் ஆயிற்று, எந்தக் குழாயை வளைக்க அரும்பாடுபட்டார் என்பவற்றை அவர் மகிழ்ந்து கூறுவார். படமெடுக்க அனுமதியும் அப்போதே பெற்றுக்கொள்ளலாம். பிறகு முழுவண்டியை ஒரு படமும், உழைப்பு மிகுந்த பகுதிகளை நெருங்கிச் சில படங்களும் எடுங்கள். முழுவண்டியை எடுக்கும்போது, அகன்ற பார்வையுடைய லென்ஸை வைத்துக்கொண்டு மிக அருகில் நிற்கலாகாது. அருகிலுள்ள முகப்புப் பகுதி பருத்தும், பின்புறம் சிறுத்தும் தோன்றும். செய்தவர் கருதிய அளவுகள் கெட்டுவிடும். சில அடி பின்வாங்கி, சற்று நீண்ட லென்ஸால் எடுப்பதே முறை. காமிராவும் நம் கண்ணின் உயரத்தில் இராமல், வண்டியின் முன்விளக்கின் உயரத்துக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். முழங்காலிட்டு எடுப்பதில் வெட்கம் வேண்டா.

ஒளியைப் பற்றியும் ஒரு சொல். நண்பகல் வெயில் வண்டியின் கூரையைச் சுட்டெரிக்கும். சக்கரங்களின் மேல் கருநிழலை வீழ்த்தும். காலையும் மாலையுமே ஏற்ற வேளைகள். கண்ணாடியிலும் வண்ணப்பூச்சிலும் சாய்ந்து பட்டுத் திரும்பும் ஒளி, உள்ளிருப்பதை மறைத்துவிடும். போலரைசர் எனப்படும் வடிகண்ணாடியை லென்ஸின் முன் பொருத்திச் சுழற்றினால் அவ்வொளியின் பெரும்பகுதி அடங்கும். மெருகிட்ட உலோகத்தின் பளபளப்பை மட்டும் அது அவ்வளவாகக் குறைக்காது. அதற்கு நாம் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்வதே வழி.

இனி, ஓடும் வண்டிக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட பழக்கம் உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளம் ஒன்று பல்லாண்டுக் காலம் பந்தயத் தடமாக விளங்கியது. வெளிநாட்டுப் பந்தயக் கார்களைத் தருவிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், சாலையில் ஓடிய அம்பாசிடரையும் பியட்டையும் பட்டறைகளில் பிரித்துத் திருத்தி அங்கே ஓட்டினர். 1990ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், குடும்பங்கள் பயன்படுத்திய மாருதி காரின் எஞ்சினைக் கொண்டே ஒருவர் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையில் பின்னர் அமைந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தடத்தில் எடுக்கும் படத்துக்கு ஒரு சிறு கணக்கு தெரிய வேண்டும். ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அது விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. அதன் சக்கரம் 60 சென்டிமீட்டர் விட்டமுடையதாயின், ஒரு விநாடியில் ஏறத்தாழ 15 முறை சுழலும். காமிராவின் ஷட்டர் விநாடியில் 1000இல் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தால், அதற்குள் சக்கரம் 5 பாகை அளவே திரும்பும். படத்தில் அதன் ஆரங்கள் தெளிவாகத் தெரியும். வண்டி நடுத்தடத்தில் நிறுத்திவைத்தாற்போல் காணப்படும். கூர்மை உண்டு, ஓட்டம் இல்லை. ஷட்டர் விநாடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலோ, சக்கரம் கால்வட்டம் திரும்பிவிடும். ஆரங்கள் கலந்து சுழற்சி தோன்றும்.

ஆனால் அதே நேரத்தில் வண்டியும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் நகர்ந்துவிடுமே, அது மங்காதோ என்று நேயர்கள் கேட்கலாம். காமிரா அசையாதிருந்தால் மங்கத்தான் செய்யும். ஆகவே, வண்டி வரும்போதே அதைக் காமிராவில் பிடித்து, கால்களை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, வண்டியின் வேகத்துக்கு இணையாகக் காமிராவைச் சுழற்ற வேண்டும். அச்சுழற்சியின் நடுவே பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய பின்னும் சுழற்சியை நிறுத்தலாகாது. அப்போது வண்டி கூர்மையாகவும், பின்னணி கோடுகளாகவும் பதியும். தொடக்கத்தில் பத்தில் ஒன்பது படங்கள் வீணானாலும் மனந்தளர வேண்டா. பழகப் பழகக் கை தானே இணங்கிவரும்.

இங்கு ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில், ழாக் ஆன்ரி லார்த்தீக் என்னும் இளைஞர் பந்தயக் கார் ஒன்றைப் படமெடுத்தார். படத்தில் சக்கரம் முட்டை வடிவாகி முன்னே சாய்ந்திருந்தது. வேடிக்கை பார்த்தோர் எதிர்ப்புறம் சாய்ந்து நின்றனர். அக்காமிராவின் ஷட்டர் ஒரு சிறு பிளவாகத் தகட்டின் குறுக்கே நகர்ந்தமையால், படத்தின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு கணத்தில் பதிந்ததே அதற்குக் காரணம். பிழையாகப் பிறந்த அப்படம் வேகத்தின் சின்னமாகப் புகழ் பெற்றது. இன்றைய கைப்பேசிக் காமிராக்களும் பெரும்பாலும் படத்தை வரிவரியாகப் பதிவதால், விரைந்தோடும் காரில் அதே சாய்வு சிலவேளை தோன்றுகிறது. கருவி கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை.

2023 பிப்ரவரி 11ஆம் நாள் ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரியை ஒட்டிய சாலைகளில் மின்சாரக் கார்களின் உலகப் பந்தயம் நடைபெற்றது. அவ்வகைப் பந்தயம் இந்தியாவில் நடந்தது அதுவே முதல் முறை. சாலைப் பந்தயங்களில் பார்வையாளருக்கும் வண்டிக்கும் இடையே உயர்ந்த கம்பி வலை நிற்கும். லென்ஸை வலையின் கண்ணுக்கு மிக அருகே வைத்து, அதன் துவாரத்தை அகலத் திறந்து, தொலைவில் வரும் வண்டியின்மீது குவித்தால், வலை படத்தில் கரைந்து மறையும். வலையை ஏமாற்றலாம்; ஆனால் வலையைத் தாண்டலாகாது. அது நம் உயிருக்கு இட்ட எல்லை.

இறுதியாக, இக்கலையில் ஈடுபடுவோர்க்குரிய கடமை ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைத் தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக அதை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. விதிகள் இடந்தரும் சில மாற்றங்களுக்கே பொதுச் சாலையில் உரிமை உண்டு. ஏனையவற்றுக்குரிய இடம் கண்காட்சித் திடலும் பந்தயத் தடமுமே. நள்ளிரவில் ஊர்ச்சாலையில் காரை விரட்டும் இளைஞர் பலர், யாரோ படமெடுக்கிறார் என்பதற்காகவே இன்னும் விரைகின்றனர். அங்கே காமிரா வெறும் சாட்சியன்று; தூண்டுகோலும் ஆகிறது. அத்தகைய இடத்தில் காமிராவை உறைக்குள் வைத்துவிட்டு விலகுவதே அறம்.

தடத்திலும் திடலிலும் எடுக்கும் படத்துக்கோ பெரும்பயன் உண்டு. மாற்றியமைத்த வண்டிகள் நெடுநாள் நிலைப்பதில்லை. எஞ்சின் ஒருவருக்கும் சக்கரம் ஒருவருக்கும் விலைபோகும். எஞ்சியது பழைய இரும்புக் கடைக்குச் செல்லும். சோழவரத்தில் ஓடிய பல வண்டிகளை இன்று நாம் கறுப்பு வெள்ளைப் படங்களில் மட்டுமே காண முடிகிறது. ஆதலின், அடுத்த முறை படமெடுக்கும்போது, அதன் பின்புறத்திலோ குறிப்பேட்டிலோ நாள், இடம், செய்த மாற்றங்கள் ஆகியவற்றையும், இசைவு பெற்றுச் செய்தவர் பெயரையும் எழுதிவையுங்கள். பெயரறியாப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் திறமைக்கு அதுவே எஞ்சி நிற்கும் சான்றாக அமையக்கூடும்.