மென்தால் மறைக்கும் எரிச்சல்

“மென்தால் சிகரெட்தான் பிடிக்கிறேன், அதில் காரம் குறைவு” என்று புறநோயாளிப் பிரிவில் பலர் எங்களிடம் கூறுவதுண்டு. குறைவது தொண்டை உணரும் காரம் மட்டுமே, நிகோடின் அன்று.

புகை பட்டதும் எழும் எரிச்சலும் இருமலும் உடல் விடுக்கும் எச்சரிக்கை. மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி அந்த எரிச்சலை மறைக்கிறது. முதன்முதலில் புகைக்கும் இளைஞரைத் தடுத்திருக்கக்கூடிய இருமல் அடங்கிவிடுகிறது. அடுத்தடுத்த சிகரெட்டுகள் எளிதாகின்றன. மூளை நிகோடினுக்குப் பழகிவிடுகிறது. பின்னர் அந்த மணமே ஆசையைக் கிளறும். அமெரிக்கா 2009இல் பிற சுவைகொண்ட சிகரெட்டுகளைத் தடைசெய்தபோது மென்தாலை விட்டுவைத்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2020 மே மாதம் அதையும் தடைசெய்தது.

ஏலக்காய் மணக்கும் குட்காவும் இவ்வகையே. அதிலுள்ள சுண்ணாம்பு, நிகோடினை வாயின் உட்தோல் விரைந்து உறிஞ்சச் செய்கிறது.

நாங்கள் பரிந்துரைக்கும் நிகோடின் சூயிங்கமும் புதினாச் சுவையில் வருகிறதே எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். அதில் புகையுமில்லை, புகையிலையுமில்லை. நிகோடின் மெதுவாகவே சேர்வதால் படிப்படியாகக் குறைக்க இயலும்.

காலையில் கண்விழித்து எத்தனை நிமிடங்களில் முதல் சிகரெட்டைத் தேடுகிறீர்கள் என்பதைக் குறித்து வாருங்கள். மருந்தின் அளவை முடிவுசெய்ய அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.